வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறப்பட்டது

பிப்ரவரி 3

1. இதை எழுதுபவன்: வழக்கறிஞர், வயது ஐம்பத்தொன்பது, சொந்த மொழி கிழக்குமொழி, மேற்குமொழியில் வணக்கம் சொல்வதும் வழி கேட்பதும் தவிர வேறொன்றும் அறியான்.

2. தற்போதைய பொறுப்பு: நாட்டு ஒற்றுமை குறித்து இரு மொழி மக்களிடமும் கருத்துக் கேட்க அமைக்கப்பட்ட ஆணையத்தின் செயலாளர்.

3. பெறுபவர்: மாவட்ட நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், சொந்த மொழி மேற்குமொழி, இரு மொழிகளையும் ஒன்றுபோல் அறிந்தவர், மேற்படி எழுதுபவனுடன் ஒரே நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்.

4. இவ்விருவருக்கும் இடையே முன்விரோதம் ஏதுமில்லை.

அன்புள்ள சமாதானத்துக்கு,

மேலே உள்ளதைப் படித்து நீ சிரித்திருப்பாய். ஆணையத்தின் முன் வருகிற ஒவ்வொருவரும் தாம் யார் என்பதை இப்படி எண்ணிட்டுச் சொன்ன பிறகே பேசத் தொடங்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறேன். பிறருக்கு வைத்த விதியை முதலில் என்மேல் போட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆணையத்தில் ஐந்து உறுப்பினர்கள். இருவருக்கு எங்கள் மொழி மட்டும் தெரியும். இருவருக்கு உங்கள் மொழி மட்டும். தலைவருக்கு இரண்டும் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். எட்டு வாரங்களில் பதினான்கு ஊர்கள். நகர மண்டபம், பள்ளிக்கூடம், கிடைக்கிற இடத்தில் அமர்வு. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். கேள்வி ஒன்றே: இரு மொழி பேசுகிற நாம் ஒரே நாடாக இருக்க விரும்புகிறோமா, விரும்பினால் எதைச் சரிசெய்ய வேண்டும்?

முறை இது. வந்தவர் தம் மொழியில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் அதை மற்ற மொழியில் சொல்வார். தட்டச்சாளர் கிழக்குமொழியில் பதிவு செய்வார். ஒலிநாடாவும் ஓடும். பிறகு அந்தப் பதிவை மொழிபெயர்ப்பாளரே, பேசியவரின் மொழியில், அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சரியென்றால் கையொப்பம், கீழே இரு சாட்சிகள். பதிவின் ஒரு படி தபாலில் அவர் வீட்டுக்குப் போகும். கடைசி விதி என் சேர்க்கை. இத்தனை உறைகளை யார் ஒட்டுவது என்று அலுவலகத்தில் இப்போதே முணுமுணுப்பு.

இந்த வேலைக்கு மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். மூவருக்கும் இலக்கணம் தெரியும்; மனிதர்களைத் தெரியாது. எதிரெதிரே நின்று பல்லைக் கடித்தவர்கள் உன் குரலில் கேட்டபின் தணிந்து உட்கார்ந்ததை நான் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். அதனால்தானே நீதிமன்ற ஊழியர்கள் உனக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வருவாயா?

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் முழங்காலைக் கேட்டதாக நீயே அதனிடம் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
கமா

*

பிப்ரவரி 9

அன்புள்ள கமாவுக்கு,

உன் கடிதத்தை இவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காவது பத்தி வந்ததும், "முன்விரோதம் இல்லையாமா? ஒரு கிரயப் பத்திரத்துல ஒத்தைக் கமாவுக்காக மூணு வாய்தா வாங்கி, மூணு நாளும் உங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு விடாம வச்சாரே, அது என்னவாம்?" என்றாள். உன் பெயர்க் காரணம் எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்.

பிறகு அவளே, "போயிட்டு வாங்க. ரெண்டு மாசம் வீடு அமைதியா இருக்கும். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லி வையுங்க, மேடைமேல ஏத்த வேணாம், கீழேயே ஒரு நாற்காலி போடட்டும்னு" என்றாள். ஆகவே வருகிறேன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. நீதிமன்றத்தில் எதிரெதிரே இருப்பது இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவன் வாய் தவறினால் நீதிபதி மேசையைத் தட்டுவார். இங்கே ஒரு மண்டபம் நிறைய ஆட்கள். இங்கே யார் தட்டுவது? உங்கள் தலைவர் தட்டுவாரா, இல்லை அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறாயா?

பஸ் நேரத்தை எழுது. ஜன்னலோர இருக்கை கேள். காலை நீட்ட வேண்டும்.

அன்புடன்,
சமாதானம்

*

மே 6

அன்புள்ள கமாவுக்கு,

அமர்வுகள் முடிந்து நான் வீடு வந்து பதினேழு நாளாகிறது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வாக்குமூலங்களுக்கு நடுவில் என் முகவரி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பு ஊருக்கு வந்துவிட்டது. வாய் இன்னும் வரவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது யாரோ ஒருவர் மனதுக்குள் பேச, நான் பின்னாலேயே மற்ற மொழியில் சொல்லிக்கொண்டு போகிறேன். இவள் அடுப்படியிலிருந்து, "யாருக்கு விளக்கிட்டிருக்கீங்க, குழாய்க்கா?" என்கிறாள்.

முந்தாநாள் வானொலியில் சொன்னார்கள்: நூற்றுக்கு எண்பத்தேழு பேர் ஒரே நாடாக இருக்க விரும்புகிறார்களாம். அறிக்கை வருமுன்பே எண் எப்படி வெளியே போனது என்று நீ கொதித்திருப்பாய். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மதில்மேல் சாய்ந்துகொண்டு, "எண்பத்தேழாமே சார், எல்லாம் உங்க வாய்ராசி" என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்து வானொலியை நிறுத்தினேன்.

அறிக்கையை எப்போது கொடுக்கிறீர்கள்? எண்களைச் சற்று நிதானமாகப் பார். உனக்கு நான் சொல்ல வேண்டுமா.

அன்புடன்,
சமாதானம்

*

மே 14

அன்புள்ள சமாதானத்துக்கு,

எழுதாததற்குப் பொறுத்துக்கொள். அறிக்கையை ஜூன் 30-ஆம் தேதி கொடுத்தாக வேண்டும். எண்களை நிதானமாகப் பார் என்று எழுதியிருந்தாய். பார்க்கும்படி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். பிஸ்கட் ஆலையில் பொட்டலப் பிரிவில் வேலை, உங்கள் மொழிக்காரர், பதிவு எண் 164. கூடவே அவருடைய தம்பி. அவர் பஸ் நடத்துநர், ஆகையால் இரு மொழியும் பேசுவார். நாற்காலியைக் காட்டினேன், அம்மாள் உட்காரவில்லை. நாம் தபாலில் அனுப்பிய படியை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நின்றார்.

தம்பி சொன்னார்: "சார், இதுல இருக்கிறது எங்க அக்கா பேசினது இல்ல."

நான் கோப்பைப் பார்த்து, "வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கே" என்றேன்.

அவர் அக்காவிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். "வாசிச்சுக் காட்டினப்போ அவ சொன்னது அத்தனையும் இருந்ததாம் சார். ஒரு வார்த்தை குறையலையாம். அதனாலதான் போட்டாளாம். தபால்ல வந்ததை நான் படிச்சேன். இது வேற யாரோ ஒரு நல்ல பொம்பளை பேசினது."

பதிவு முழுவதையும் தருகிறேன், மூன்றே வாக்கியம். 'பணியிடங்களில் அறிவிப்புகள் இரு மொழிகளிலும் இருப்பது நலம். வேறு குறை ஏதுமில்லை. நாம் ஒரே நாடாக வாழ்வதையே விரும்புகிறேன்.'

அவருடைய கணவர் அதே ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வலது கையை இழந்தவர் என்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். பதிவில் அது இல்லை. தபாலில் வந்ததை வாசிக்கக் கேட்ட கணவர், "என் கையைக் கொண்டுபோய் அவங்ககிட்டயே கொடுத்துட்டு வந்திருக்கே" என்றாராம். அதன்பின் மூன்று வாரமாக மனைவியிடம் ஒரு பேச்சும் இல்லை. பேச்சைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் கையெழுத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று அம்மாள் கேட்கிறார்.

என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அன்று அவர் பேசியது பதினொரு நிமிடம். நீ உறுப்பினர்களுக்குச் சொன்னது இரண்டு நிமிடம். பிறகு நீ அவருக்கு வாசித்துக் காட்டியது பத்து நிமிடம். மூன்று வாக்கியத்தை வாசிக்கப் பத்து நிமிடம் எதற்கு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. நேரத்தைக் குறித்திருக்கிறேன், பொருளைக் குறிக்கவில்லை.

தட்டச்சில் ஏதோ விடுபட்டிருக்கும் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். அப்படித்தான் நடந்தது என்று எழுது.

இப்படிக்கு,
கமா

*

மே 20

அன்புள்ள கமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். பத்து நாள் படி ஏறக் கூடாதாம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவர் வந்து பார்த்துவிட்டு, இன்னொருவர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ கேட்டது பற்றி. தட்டச்சில் விடுபட்டிருக்கலாம். நான் வேகமாகச் சொல்லியிருக்கலாம். பேசுகிறவர்கள் ஒன்றையே நாலு தரம் சொல்வார்கள், பதிவில் ஒரு தரம்தான் வரும். உனக்குத் தெரியாததா.

அந்தப் பெண் எந்த பஸ்ஸில் திரும்பிப் போனாள்? அன்றைக்கு ஆலையில் அவளுக்கு விடுப்பு கொடுத்தார்களா? கணவர் இப்போதும் பேசுவதில்லையா?

அறிக்கை வேலை முடியட்டும். முடிந்தபின் ஒரு நாள் வா, நேரில் பேசுவோம். எழுத்தில் வேண்டாம்.

சமாதானம்

*

மே 27
பதிவுத் தபால்

மதிப்பிற்குரிய ஐயா,

1. மே 20-ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம், கேட்ட கேள்விக்கு விடையாக அமையவில்லை.

2. இதையடுத்து இருபது பதிவுகளைத் தேர்ந்து, அவற்றின் ஒலிநாடாக்களை இரு மொழியும் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்தேன். பதினான்கில் பேச்சும் பெயர்ப்பும் ஒத்துப்போகவில்லை. வசைகள் விடுபட்டுள்ளன, குற்றச்சாட்டுகள் விடுபட்டுள்ளன, ஒன்பது இடங்களில் 'விரும்பவில்லை' என்பது 'விரும்புகிறேன்' என்று மாறியுள்ளது.

3. இப்பதினான்கில் ஆறு, கிழக்குமொழிக்காரர்கள் பேசியவை. அவர்களுடைய கடுஞ்சொற்களும் மேற்குமொழி உறுப்பினர்களுக்குத் தணித்தே சொல்லப்பட்டுள்ளன. ஆகவே இது ஒரு தரப்புக்குச் சாய்ந்து செய்யப்பட்டதன்று. தங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

4. ஒலிநாடாவில், வாசித்துக் காட்டும் நேரத்தில், தாங்கள் பதிவை வாசிக்கவில்லை. பேசியவரின் பேச்சையே அவருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். பேசியவர் கேட்டு நிறைவடைந்தது ஒன்று, அவர் கையொப்பமிட்ட தாள் வேறொன்று.

5. தாங்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு பணியாற்றியவர். இது நிறுவப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவதோடு, வழக்கும் தொடரப்படலாம். தங்கள் விளக்கத்தை ஏழு நாள்களுக்குள் எழுத்தில் தரக் கோருகிறேன்.

செயலாளர்

*

ஜூன் 2

அன்புள்ள கமாவுக்கு,

கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தபால்காரர், "கோர்ட்டு விவகாரமா ஐயா?" என்றார். "இல்லப்பா, சிநேகிதன் எழுதியிருக்கான்" என்றேன். பிரித்துப் பார்த்தபின் அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. கூண்டில் நின்ற திருடர்களைக்கூட நீ ஒருமையில்தான் கேள்வி கேட்பாய். எனக்குத் 'தாங்கள்' கிடைத்திருக்கிறது.

ஆம், செய்தேன். தட்டச்சாளருக்கு இதில் பங்கில்லை. பாவம், நான் சொன்னதை அடித்தார். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவரவர் பேச்சை அவரவருக்கே சொன்னேன். பத்து நிமிடப் பேச்சை மனதில் வைத்துக்கொள்வது எனக்குப் பெரிய காரியமில்லை. பேசியவர் முகம் நிறைந்தது. உறுப்பினர்கள் முகமும் நிறைந்தது. இதைச் செய்யாதிருந்தால் மீதி ஊர்களில் ஒரு மண்டபமும் உடையாமல் நின்றிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் எப்போது தொடங்கினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மார்ச் 11, சந்தை ஊரின் நகர மண்டபம். உங்கள் மொழிக்காரரான ஒரு இரும்புக்கடைக்காரர் எழுந்து, "இவங்க பிள்ளைங்களுக்கு இவங்க மொழியில பள்ளிக்கூடம் எதுக்கு? மூட்டை தூக்கறதுக்குப் படிப்பு வேணுமா?" என்றார். அதை அப்படியே எங்கள் மொழியில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். நாற்காலிகள் பறந்தன. இரண்டு மொழியிலும் ஒரு வார்த்தை பேசாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அதன்பிறகு மண்டபத்தின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், வண்டி வருவதற்காக நீயும் நானும் நின்றிருந்தோம். உன் சட்டையில் அவருடைய ரத்தம் கொஞ்சம் பட்டிருந்தது. நீ அதைக் கழுவிக்கொண்டே சொன்னாய்:

"எல்லாத்தையும் அப்படியே சொல்லணும்னு இல்லப்பா. கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

"பார்த்துன்னா?"

"என்னைக் கேட்கிறியே. இத்தனை வருஷம் கோர்ட்டுல செஞ்சது எது?"

"கோர்ட்டுல நான் செஞ்சது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். வண்டி வந்துவிட்டது.

பழியை உன்மேல் போடவில்லை. பார்த்துச் சொல் என்றால் மாற்றிச் சொல் என்று பொருளில்லை. முதல் நாள் வசவை மட்டும் எடுத்தேன். இரண்டாம் வாரம் கோபத்தையும் எடுத்தேன். அந்தப் பெண் வருவதற்குள் ஒரு மனிதனின் கையையே எடுக்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

அவள் பேசியதை இப்போது எழுதுகிறேன். ஒலிநாடாவோடு ஒப்பிட்டுக்கொள்.

"என் புருஷன் மாவு மிஷின்ல வேலை. மிஷின்மேல ஒரு போர்டு உண்டு. அதுல என்ன எழுதியிருக்குன்னு மூணு வருஷமா எங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது. கேட்டோம். 'படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மிஷின் வேலை'ன்னு மேஸ்திரி சொன்னாரு. கை போன பிறகு என் தம்பி வந்து படிச்சான். மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி கரண்டை நிறுத்துன்னு போட்டிருக்காம். ஒரே வரி. ஆஸ்பத்திரியில ஒரு தாள் நீட்டினாங்க, அதுவும் அதே எழுத்து. கையெழுத்துப் போட்டேன். கையை எடுக்கச் சம்மதம்னு போட்டிருக்கேன்னு பிறகுதான் தெரிஞ்சுது. இப்ப நீங்க வந்து, ஒண்ணா இருக்கச் சம்மதமான்னு கேக்கறீங்க. தெரியாத எழுத்துல நான் சம்மதிச்சதெல்லாம் போதும். எனக்குச் சம்மதமில்லன்னு எழுதுங்க. அந்த போர்டை எங்க எழுத்துலயும் எழுதி மாட்டிட்டு அப்புறமா வந்து கேளுங்க. அப்ப யோசிச்சுச் சொல்றேன்."

பேசி முடித்ததும் உறுப்பினர்கள் என்னைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஆலை நிர்வாகத்தின் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் 'நலம், குறையில்லை, விரும்புகிறேன்' என்றேன். தெரியாத எழுத்தில் அவளிடம் இன்னொரு கையெழுத்தையும் வாங்கினேன்.

எழுத வேண்டியதை எழுது. எங்கள் பக்கத்தில் காட்டிக்கொடுத்தவன் என்பார்கள். உங்கள் பக்கத்தில், அவர்கள் ஆளை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். இரண்டும் எனக்குப் புரிகிற மொழி.

தன்னைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்று உன் தங்கச்சி சொல்லிவிட்டாள்.

சமாதானம்

*

ஜூன் 9

அன்புள்ள சமாதானத்துக்கு,

முதலில் அந்தத் 'தாங்க'ளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பதிவுத் தபாலுக்கும்.

மார்ச் 11-ஆம் தேதிக்குரிய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள் ஆறு. அமர்வு நிறுத்தப்பட்டது மூன்று நாற்பதுக்கு. காயமுற்றவர் வயது எழுபத்தொன்று. நாம் வண்டியில் ஏறியது ஐந்தே காலுக்கு. இடைப்பட்ட நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை. யார் எப்போது தண்ணீர் குடித்தார் என்றுகூட எழுதுகிறவனுடைய குறிப்பேட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெற்றிடம்.

'நீ எழுதும்வரை அந்தப் பேச்சு எனக்கு நினைவில்லை' என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நினைவிருந்தது. உனக்குப் பதிவுத் தபால் எழுதும்போதும் இருந்தது. எழுத்தில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். நீதிமன்றத்திலும் அப்படியே. நீ சுருக்கிச் சொன்னது என் கட்சிக்காரருக்குச் சாதகமாக இருந்த நாள்களில் நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தொட்டியருகே சொன்னது அந்த வழக்கத்தில் வந்தது.

தலைவரிடம் போனேன். "அந்த அம்மாவோட பதிவை மட்டும் திருத்திடுங்க" என்றார். "மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லாம இருந்ததுன்னு ஒரு குறிப்பைப் போட்டு ஃபைலை மூடுங்க. ஒருத்தருக்காக நானூறு பேரையும் கிளறணுமா? உங்களுக்கு எதுக்குங்க வம்பு?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். நானும் ஒரு முழு நாள் அதை யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. உன் பெயரும் தப்பும், என் பெயரும் தப்பும். அந்த அம்மாளின் பேச்சுகூட ஒருவாறு அவரிடம் திரும்பிப் போய்விடும். மற்றவர்கள்? அவர்களுக்கும் தபாலில் படி போயிருக்கிறது. வாசித்துச் சொல்ல வீட்டில் ஒரு பஸ் நடத்துநர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே இத்துடன் என் வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன். உன்னைக் காப்பாற்ற எழுதியதன்று. நீ செய்தது அதில் இருக்கிறது. நான் செய்தது அதற்கு முந்திய பத்தியில் இருக்கிறது. நடந்த வரிசை அதுதான்.

இரு சாட்சிகள் வேண்டும். ஒருவர் அந்த அம்மாளாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு முன் இதை யாராவது அவர் வீட்டுக்குப் போய், அவர் மொழியில், முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். தம்பியைக் கேட்கலாம். கல்லூரி ஆசிரியரும் ஒப்புக்கொள்வார். நான் உன்னைக் கேட்கிறேன். குற்றம் சுமத்தப்பட்டவரிடமே ஆவணத்தைக் கொடுத்தனுப்புவது எந்த நடைமுறையிலும் இல்லை; வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே எழுந்து ஆட்சேபித்திருப்பேன்.

வீட்டு வாசலில் மூன்று படிகளாம், கைப்பிடி கிடையாதாம். தம்பி வந்து பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். யாரைப் பிடிக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். அக்காவின் பேச்சை மாற்றிச் சொன்னவர் நீதான் என்று சொல்லிவிட்டேன். பிறகும் வருவதாகவே சொன்னார்.

இன்னொரு சாட்சியின் இடத்தில் நீ கையெழுத்திடுவதும் இடாததும் உன் விருப்பம். வெறுமையாகத் திரும்பி வந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டு, அதே வாக்குமூலத்தைத் தாக்கல் செய்வேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்ல எனக்கு இப்போது உரிமை உண்டா என்று தெரியவில்லை. கேட்டேன்.

இப்படிக்கு,
கமா

*

ஜூன் 18

ஆணையத்தின் செயலாளர் அளிக்கும் வாக்குமூலம்

1. நான் வழக்கறிஞர், ஆணையத்தின் செயலாளர், கிழக்குமொழி மட்டும் அறிந்தவன். இதைப் பிறர் தூண்டுதலின்றி எழுதுகிறேன்.

2. மார்ச் 11-ஆம் நாள், கலவரத்துக்குப் பின், பேச்சுகளை அப்படியே சொல்ல வேண்டியதில்லை, பார்த்துச் சொன்னால் போதும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் நான் கூறினேன். அவர் விளக்கம் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். இதை நான் பதிவு செய்யவில்லை.

3. மறுநாள் முதல் கடைசி அமர்வுவரை மொழிபெயர்ப்பாளர் இரு தரப்பாரின் பேச்சுகளையும் தணித்தும் மாற்றியும் சொன்னார். பேச்சுக்கும் பெயர்ப்புக்கும் ஆன நேர வேறுபாட்டை நான் ஒவ்வொரு நாளும் குறித்திருந்தும் கேள்வி எழுப்பவில்லை.

4. பதிவு எண் 164-இல், பேசியவர் கூறியவற்றில் சில பகுதிகள் விடுபட்டுள்ளன.

5. ஆகவே நூற்றுக்கு எண்பத்தேழு என்ற எண்ணிக்கைக்கு ஆதாரமில்லை. மார்ச் 11-க்குப் பிந்திய பதிவுகள் யாவும் ஒலிநாடாவைக் கொண்டு மீண்டும் பெயர்க்கப்பட்டு, பேசியவரின் மொழியிலேயே அவருக்கு அனுப்பப்பட வேண்டும். அதுவரை அறிக்கையை வெளியிடலாகாது என்று கோருகிறேன்.

6. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பாளர்மேல் எடுக்கப்படும் எந்த நடவடிக்கையும் என்மேலும் எடுக்கப்பட வேண்டும்.

மேற்கண்டதை முதல் சாட்சி, இரண்டாம் சாட்சியின் வீட்டில் மேற்குமொழியில் முழுவதும் வாசித்துக் காட்டினார். இரண்டாம் சாட்சியின் கணவரும் இருந்து கேட்டார். பத்தி 4-ஐ மறுபடி வாசிக்கச் சொன்னார்.

திருத்தம்: பத்தி 4-இல் 'கூறியவற்றில் சில பகுதிகள்' என்றிருந்தது இரண்டாம் சாட்சி சொன்னபடி அடிக்கப்பட்டு, 'வந்து சொன்னவை எல்லாம்' என்று எழுதப்பட்டது. 'சில பகுதிகள்' என்பதை மாற்றாமல் உள்ளபடியே வாசித்தேன். — முதல் சாட்சி.

திருத்தத்தை ஏற்கிறேன்.

(ஒப்பம்)
செயலாளர்

சாட்சிகள்:
1. (ஒப்பம்) மொழிபெயர்ப்பாளர், பணி ஓய்வு
2. (ஒப்பம், மேற்குமொழியில்) பிஸ்கட் ஆலைத் தொழிலாளி, பொட்டலப் பிரிவு